கை நனைக்காத ஒன்பது ஞாயிறுகள்

ராசா,

நான் நல்லபடியாக மலையேறி வீடு வந்து சேர்ந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. உங்கப்பாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, வாய்தான் அப்படியே இருக்கிறது. புதூர்நாட்டுக்கு இன்னும் அதே பஸ்தான், அதை விட்டால் ஜீப். கொல்லைப் பலாவில் இந்த வருஷம் கிளை தாங்காத காய். நலம் விசாரிக்கிற பகுதி இத்தோடு முடிந்தது. இனி எழுதப்போவதை நீ தனியாகப் படித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. இது கைக்குக் கிடைத்த பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை லூசியா வீட்டுக்கு எடுத்துப்போ. எல்லாரும் மேஜையில் உட்கார்ந்ததும் லூசியாவுக்கும் அவள் அம்மா ஆன்னாவுக்கும் வாய்விட்டுப் படித்து அவர்கள் பாஷையில் சொல். ஒரு வரியையும் விழுங்காதே, உன்னைத் திட்டியிருக்கிற வரிகள் உட்பட. போனில் சொன்னால் பாதியைச் சொல்லி மீதியை உன் வசதிக்கு மாற்றிவிடுவாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் நீ மூன்று தரம் மாத்திரையை ஞாபகப்படுத்தினாய், இரண்டு தரம் ஸ்வெட்டரைக் கைப்பையில் வைக்கச் சொன்னாய். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. உனக்கு முப்பத்து நாலு வயது. யாரைக் கட்டிக்கொள்வதற்கும் யார் கையெழுத்தும் உனக்குத் தேவையில்லை. ஆனாலும் போன வருஷம் போனில், "லூசியாவ எனக்குப் புடிச்சிருக்கும்மா, நீ வந்து பாத்துட்டு சரின்னு சொன்னாதான் மேல பேசுவேன்" என்று சொன்னவன் நீ. அதற்காகத்தான் அறுபத்தொரு வயதில் பாஸ்போர்ட் எடுத்து, விமானம் மாறி மாறி, சாவ் பாவ்லோவிலிருந்து ஆறு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி தோல் பதனிடுகிற அந்த ஊருக்கு வந்தேன். இரண்டரை மாதம் இருந்தேன். சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். சோதனை வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தபோது உன் முகம், அங்கன்வாடி வாசலில் முதல் நாள் விடப்பட்ட பிள்ளையின் முகமாக இருந்தது. உன் கேள்விக்குப் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் வரும். கதைப்புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற உன் பழைய புத்தியை இங்கே காட்டாதே.

அடுத்து வருவதை ஆன்னாவுக்கு நிதானமாகச் சொல். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிற பையன் வீட்டார், சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம். சோற்றில் கை வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அதற்குப் பிறகு பின்வாங்கினால் அந்தப் பெண்ணுக்குக் கேவலம். இதில் இளக்காரம் எதுவும் இல்லை. நாளைக்கு ஒருவேளை வேண்டாம் என்று சொல்லப்போகிற வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது என்கிற மரியாதைதான். இதை நான் அவர்கள் வீட்டுக்குள் கால் வைத்த முதல் ஞாயிற்றுக்கிழமையே நீ சொல்லியிருக்க வேண்டும். நீ சொல்லாமல் விட்டதால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா?

அந்த முதல் ஞாயிறு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆன்னா கேட்டைத் திறந்து வந்தாள். பனைமர உயரம், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய நரைமுடி, முகமெல்லாம் சின்னச் சின்ன மச்சம். ஹாலந்தில் பிறந்து, அந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரேசிலுக்கு வந்தவள் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். குனிந்து என் கன்னத்தில் முத்தம் வைத்தாள். உங்கப்பாவே ஜனம் பார்க்க என் பக்கத்தில் நின்றது கிடையாது, நான் விறைத்துப்போனேன். பிறகு அவள் புருஷன் செர்ஜியோவும் முத்தம் வைக்க வந்தார், நான் கும்பிட்டு அவரை அங்கேயே நிறுத்தினேன். உள்ளே மேஜை நிறையச் சாப்பாடு. நான் மாட்டுக்கறி தின்ன மாட்டேன் என்பதால் கோழி. பெரிய சட்டியில் பூண்டு தாளித்த பயறுக் குழம்பு, வெள்ளைச் சோறு, வறுத்த மரவள்ளி மாவு, நீ சொல்லித்தான் செய்திருப்பாள், வெண்டைக்காயும் இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நான் கை கூப்பி, "வேணாம்னு சொல்லுடா" என்றேன். என்னுடைய ஒரு வார்த்தைக்கு நீ நாலு வரி பேசினாய். உடனே ஆன்னா முகம் இரங்கி, என் வயிற்றைத் தடவிக் கொடுத்தாள்.

"இன்னாடா சொன்ன?"

"வயிறு சரியில்லன்னு சொன்னம்மா. வேற இன்னா சொல்ல சொல்ற? உங்க வூட்டு சோறு வேணாம்னா?"

அன்றைக்குப் பிடித்தது சனியன். அன்று ஏதோ இலையைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு எனக்கென்று தனியாகக் காரம், எண்ணெய் இல்லாத உருளைக்கிழங்குக் கஞ்சி. மூன்றாம் ஞாயிறு போனால் விருந்தாளியாக ஒரு டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். பாவம், சாப்பிட வந்த மனுஷரை என் வயிற்றை அமுக்கிப் பார்க்க வைத்துவிட்டாய். கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் டப்பா டப்பாவாகக் கட்டிக் கொடுத்தாள். அதை உன் வீட்டுக்குக் கொண்டுபோய், நான் கொண்டுவந்த எலுமிச்சங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நாம் இருவரும் வழித்துத் தின்றதையும் இப்போது சொல்லிவிடு. டப்பா வேறு, வீடு வேறு என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். அந்தப் பயறுக் குழம்பு அவ்வளவு ருசி. கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்த டப்பாக்களை வாங்கி வைத்த லூசியா மட்டும் ஏமாறவில்லை. உன்னிடம் கற்றுக்கொண்ட இருபது தமிழ் வார்த்தைகளில் நாலை எடுத்து, "அம்மா, வயிறு, ஞாயிறு மட்டும்?" என்று கேட்டாளே, அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மற்ற ஆறு நாட்களில் நீ கம்பெனிக்குப் போன பிறகு நான் உன் ஊரை வேவு பார்த்தேன். வாணியம்பாடி பாயோட தோல் கம்பெனி உன்னை அங்கே அனுப்பி ஏழு வருஷமாகிறது. கப்பலேறுகிற தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறாய் என்பது தவிர உன் வாழ்க்கையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது. ஏழு வருஷமும் நான் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது, நீ ஒரு ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்பதைத்தான். பேச ஆளில்லாமல், காய்ச்சல் வந்தால் ஒரு தம்ளர் வெந்நீர் வைக்க ஆளில்லாமல். அங்கே வந்து பார்த்தால் மருந்துக்கடைக்காரி உன் பெயரைச் சொல்லி உனக்கு என்ன மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று எனக்குச் சைகையில் சொல்கிறாள். எதிர்வீட்டுக் கிழவர் உன் துணி மழையில் நனையாமல் எடுத்து வைக்கிறார். வியாழக்கிழமைத் தெருச்சந்தையில் பழக்காரன் உன் அம்மா என்று தெரிந்ததும் மாம்பழத்தைக் கீற்றுப் போட்டு நீட்டி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான். அங்கே எல்லாவற்றுக்கும் கட்டைவிரல்தான். நன்றிக்கும் அதுவே, சரிக்கும் அதுவே, ரோட்டைக் கடந்து போ என்பதற்கும் அதுவே. முதல் மாதம் முடிவதற்குள் நானும் தூக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு உங்கப்பாவுக்கு ஒரு தடவை தூக்கிக் காட்டினேன், "இன்னா, கொழுப்பா?" என்று கேட்டார்.

இன்னும் சொல்லவா? மண் நம் மண் மாதிரியே சிவப்பு. தோல் ஊறுகிற வாடை அப்படியே வாணியம்பாடி. காலை பதினோரு மணிக்குத் தெரு முழுக்கக் குக்கர் விசில் சத்தம். ஒரு நாளைக்கு இரண்டு தரம் மூன்று தரம் குளிக்கிறார்கள், குளிக்கிற தண்ணீர் கொட்டுகிற இடத்திலேயே, தண்ணீர் சுடுவதற்காம், கரண்ட்டு ஒயரையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் அடியில் நான் சாமி கும்பிட்டுக்கொண்டேதான் நின்றேன். அறுபது தாண்டியவர்களுக்கு எல்லா இடத்திலும் தனி வரிசை. இளசுகள் முறைத்துப் பார்க்காமல் வழி விட, நான் மகாராணி மாதிரி முன்னால் போய் முட்டைக்கோஸ் வாங்கினேன். முப்பது வருஷமாக நான் இந்த மலையில் அங்கன்வாடி டீச்சரம்மா. அதற்கு முன் இன்னார் பெண்டாட்டி, அதற்கும் முன் இன்னார் மகள். அங்கேதான் எல்லாரும் 'டோனா' என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை முன்னால் போட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதல் தடவை யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்னா தன் கதையைச் சொல்வாள். அதையெல்லாம் நீ ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தாய், அதில் உனக்கு ஆபத்து இல்லையே. புதுசாக வந்த காலத்தில் ஏழு மணி விருந்து என்று ஒருத்தி அழைத்திருந்தாளாம். ஹாலந்துப் புத்தி, ஏழடிக்கும்போது வாசலில் போய் நின்றிருக்கிறாள். வீட்டுக்காரி தலையில் துண்டோடு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து கதவைத் திறந்தாளாம். மற்ற விருந்தாளிகள் ஒன்பதரைக்கு வந்தார்களாம். ஒருமுறை செர்ஜியோவின் சிநேகிதர் பெண்டாட்டி தெருவில் பார்த்து, "ஒரு நாள் வீட்டுக்கு வா" என்று சொல்ல, இவள் கேக் செய்து எடுத்துக்கொண்டு அந்த ஞாயிறே போய்விட்டாளாம். அவர்கள் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, குழம்புச் சட்டியில் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றி, அவளை உட்காரவைத்துச் சோறு போட்டார்களாம். அன்று அவர்கள் போக இருந்தது ஒரு கல்யாணத்துக்கு என்பது அவளுக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்ததாம். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான், எனக்கு அது தெரியும்.

இப்போது உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் செங்கத்தில் உனக்கு ஒரு பெண் பார்த்தோம். மலையிலிருந்து இறங்கிப்போய் அங்கே மளிகைக்கடை வைத்திருக்கிற நம் ஆட்கள். நீ அப்போது வாணியம்பாடியில் இருந்தாய், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா பார்த்தால் போதாதா என்கிற திமிர் எனக்கு. வழியில் ஜீப் படுத்துக்கொண்டது. நானும் உங்கப்பாவும் பசியோடு மதியம் போய்ச் சேர்ந்தோம். பெண் லட்சணமாக இருந்தாள், நேராகப் பார்த்துப் பேசினாள். இலை போட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். பிறகு உன்னிடம் சொன்னால், "யாரக் கேட்டு முடிவு பண்ண? என்ன பிரேசிலுக்கு அனுப்பறாங்கம்மா, நான் போறேன்" என்று ஒரே போடாகப் போட்டாய். எனக்கு அவர்கள் முகத்தில் முழிக்கத் தைரியமில்லை. அந்தப் பக்கம் போகிற ஒரு ஆளிடம் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் பெண்ணின் அப்பா ஜீப் பிடித்து மலையேறி வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசலிலேயே நின்று, "பையனுக்கு இஷ்டமில்லன்னா இல்லதாங்க டீச்சரம்மா. ஆனா எங்க வூட்ல சாப்ட்டீங்களேம்மா" என்றார். அவ்வளவுதான். வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போய்விட்டார்.

கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டு மறந்திருப்பேன். அந்த ஒரு வாக்கியம் எட்டு வருஷம் என் நெஞ்சிலேயே கிடந்தது. செங்கத்துக்குச் சந்தைக்குப் போனாலும் அவர் கடை இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போவேன். இனிமேல் ஜென்மத்துக்கும், மனசு முழுசாகச் சரி என்று சொல்லாத வரை எந்தப் பெண் வீட்டிலும் ஒரு பருக்கை வாயில் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். அதனால்தான் ஆன்னா வீட்டில் அந்தப் பிடிவாதம். என் மனசு ஏன் முழுசாகச் சரி சொல்லவில்லை என்றால், லூசியாவிடம் குறை இருந்து இல்லை. அந்த மேஜையில் நான் ஒரு வாய் சாப்பிட்டால் உன்னை அந்த ஊருக்கே தாரை வார்த்துவிட்டதாக ஆகிவிடும், அப்புறம் நீ திரும்பி வரவே மாட்டாய் என்று பயந்தேன். வயிற்றுவலி பொய், இந்தப் பயம் நிஜம்.

ஒன்பதாம் ஞாயிறு, நான் கிளம்புவதற்கு முந்தின வாரம், மேஜையில் என் தட்டு இல்லை. ஆன்னாவுக்கும் தட்டு இல்லை. செர்ஜியோவும் நீயும் லூசியாவும் தட்டுக்கு முன்னால் முழித்துக்கொண்டிருந்தீர்கள். ஆன்னா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

"இன்னாடா கேக்கறாங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"டேய்!"

"உங்களுக்கு வயித்துல ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்ட்டாராம். எங்களப் புடிக்கலன்னா அதச் சொல்லிடுங்கன்னு கேக்கறாங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரில் சாப்பிட அடம்பிடிக்கிற எத்தனை பிள்ளைகளுக்குக் கதை சொல்லி ஊட்டியிருக்கிறேன். சமைத்து வைத்துக் காத்திருக்கிறவளின் வலி எனக்குத் தெரியாதா? "இப்ப நான் சொல்றத அப்டியே சொல்லுடா. ஒரு வார்த்த மாத்தின, பல்லு பேந்துடும்" என்று உன்னை மிரட்டி, கை நனைக்கிற வழக்கத்தையும், உன் பொய்யையும், என் பயத்தையும் சொன்னேன். செங்கத்துக் கதையை மட்டும் விட்டுவிட்டேன், வெட்கமாக இருந்தது. நீ ஒன்றுவிடாமல் சொன்னாய். சொல்லி முடித்ததும் ஆன்னா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு, தோள் குலுங்குகிற சிரிப்பு. பிறகு நிறுத்தாமல் பேசினாள். நீ அவள் வாயையே பார்த்துக்கொண்டு சொன்னதை நான் அப்படியே மனசில் எழுதி வைத்திருக்கிறேன்.

"இந்த ஊருக்கு வந்து முப்பத்தி மூணு வருஷம் ஆவுதாம். இங்க யாரும் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல மாட்டாங்களாம். வர்றேன்னுதான் சொல்வாங்களாம், வர மாட்டாங்களாம். பாசமில்லாம இல்லியாம், மனசு நோவக் கூடாதுன்னுதான் அப்டியாம். கல்யாணத்துக்குப் போறத நிறுத்திட்டு சோறு போட்டவங்களாச்சே, அவங்களப் போயி கொற சொல்ல முடியாதாம். ஆனா இவங்களுக்கு மட்டும் யாரு சொல்றது நெஜம்னு தெரியாம பயமாவே இருந்திச்சாம். நீ ஒம்போது வாரமா வேணாம்னு சொல்லினே இருந்தியாம். அதனால, நீ ஒரு நாளு சரின்னு சொன்னா, அது நெஜமாவே சரின்னு நம்பலாமாம். அவங்க மனசு நோவுமேன்னு நெனச்சி இன்னிக்கு சாப்பிடாதன்னு சொல்றாங்கம்மா."

அன்று நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளும் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, நீங்கள் மூன்று பேரும் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது எனக்கு. கிளம்பும்போது கேட்டருகே வழக்கம்போல் அரை மணி நேரம் நின்றோம், அந்த ஊரிலும் விடைபெறுவது என்றால் சும்மா இல்லை. இந்த முறை நானே எக்கி அவள் கன்னத்தில் முத்தம் வைத்தேன். செர்ஜியோவுக்குக் கும்பிடுதான்.

அப்புறமும் நான் ஏன் பதில் சொல்லாமல் வந்தேன் என்று நீ குழம்பியிருப்பாய். பயம் போய்விட்டது. மருந்துக்கடைக்காரியும் எதிர்வீட்டுக் கிழவரும் இருக்கிற ஊருக்கு உன்னைக் கொடுக்க எனக்கு மனசு வந்துவிட்டது. ஆனால் ஒரு வீட்டில் தின்ற சோறு ஜீரணமாகாமல் இன்னொரு வீட்டில் எப்படிச் சாப்பிடுவேன்? வந்த ஐந்தாம் நாள் உங்கப்பாவிடம்கூடச் சொல்லாமல் ஜீப்பில் இறங்கிச் செங்கத்துக்குப் போனேன். சுற்று வழியில் போகாமல் நேராக அந்தத் தெருவில் நடந்தேன். அவர் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தலை முழுசும் நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாங்க டீச்சரம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?"

"வழி தெரியும்ங்க. வர்றதுக்குத்தான் மூஞ்சியில்ல. அன்னிக்கு உங்க வூட்ல சாப்ட்டு வந்து, அப்புறம் வேணாம்னு சொன்னது பெரிய தப்புங்க. எட்டு வருஷமா சோறு எறங்கல. என்ன மன்னிச்சிடுங்க" என்றேன். கடையில் நின்றிருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தேன். அவர் தராசை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"சாப்ட்டதுக்கா கோவப்பட்டேன்னு நெனச்சீங்க?" என்றார். "பசியோட வந்தீங்க, சாப்ட்டீங்க. அது இன்னா தப்பு? யாரோ ஒரு ஆளு கிட்ட சொல்லி அனுப்புனீங்க பாருங்க, அதாங்க சுருக்குன்னு ஆயிடுச்சி. சாப்ட்ட வூட்டுக்கு நீங்களே வந்து சொல்ல வாணாமா? பையன் ஒத்துக்கல, என்ன பண்றதுன்னு நீங்களே வந்து நின்னிருந்தா, அன்னிக்கும் சோறு போட்டுத்தான் அனுப்பியிருப்போம்."

எட்டு வருஷம் நான் தப்பான தப்புக்குத் தண்டனை அனுபவித்திருக்கிறேன். சாப்பிட்டதை நினைத்து நினைத்துக் குமைந்தேனே தவிர, நேரில் போய்ச் சொல்லாததை ஒரு நாளும் நினைக்கவில்லை. அவர் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தப் பெண்ணே வெளியே வந்தாள். பக்கத்துத் தெருவில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். இடுப்பில் ஒன்று, கையில் பிடித்தபடி ஒன்று. "வாங்க டீச்சரம்மா, உங்களால நான் தப்பிச்சேன். இல்லன்னா என்னையும் அந்தக் கண்காணாத ஊருக்கு இட்டும் போயிருப்பாரு உங்க புள்ள" என்று சிரித்தாள். இலை போட்டார்கள். நான் கை நனைத்தேன். அன்றைக்கு ரசஞ்சோறுதான், பாயசமெல்லாம் இல்லை. ஆனால் எட்டு வருஷத்தில் நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அதுதான்.

மகனே, நீ என் பிள்ளை என்பது வயிற்றுவலிப் பொய்யில் நன்றாகத் தெரிகிறது. நான் ஆளிடம் சொல்லி அனுப்பினேன், நீ என் வார்த்தையை மாற்றிச் சொன்னாய். இரண்டும் ஒரே கோழைத்தனம்தான். எதிராளியின் மனசு நோகக் கூடாது என்று சொல்லிக்கொள்கிறோம், உண்மையில் காப்பாற்றிக்கொள்வது நம் முகத்தைத்தான். தோலைத் தடவிப் பார்த்ததும் இது ஆகும், இது ஆகாது என்று நீ பட்டென்று சொல்வதாக உன் கம்பெனியில் எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள். வீட்டிலும் அப்படியே பேசு. லூசியா சமைத்தது நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று சொல். ஊருக்கு வர முடியாது என்றால், "பாக்கறேம்மா" என்று இழுக்காமல் முடியாது என்று சொல், நான் இரண்டு நாள் அழுதுவிட்டு வேலையைப் பார்ப்பேன். நீ இடையில் நின்று இரண்டு பக்கத்தையும் காப்பாற்றத் தேவையில்லை. ஆன்னாவும் நானும் பாஷை தெரியாமலேயே ஒரு மேஜையில் பட்டினி கிடந்து சிநேகிதம் ஆனவர்கள், எங்களால் எதையும் தாங்க முடியும்.

கடைசிக்கு வந்துவிட்டோம். பதில் எங்கே என்று தேடுவாய். எழுதப்போவதில்லை, ராசா. செங்கத்துக்காரர் சொன்ன பிறகும் நான் மறுபடி ஆள் விட்டா சொல்லி அனுப்புவேன்? கடிதமும் ஒரு ஆள்தானே. வேண்டாம் என்பதை நேரில் சொல்ல வேண்டும் என்றால் மற்றதையும் நேரில்தான் சொல்ல வேண்டும். உங்கப்பாவுக்கு நேற்று பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அந்த முத்தம் கொடுக்கிற ஊருக்குத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகலாமா கூடாதா என்று ஜீப் ஸ்டாண்டில் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெற்றிலைபாக்கை எப்படிக் காயாமல் கொண்டுவருவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். மரத்துப் புளியை உலுக்கி எடுத்து முடித்ததும் கிளம்பி வருகிறோம். எந்த ஞாயிறு என்று பிறகு போனில் சொல்கிறேன், அதை மாற்றிச் சொல்ல உன்னால் முடியாது.

இந்த வரியை மட்டும் ஆன்னாவின் முகத்தைப் பார்த்துப் படி. அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் என் தட்டையும் வைக்கச் சொல், அவள் தட்டுக்குப் பக்கத்தில். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், பசியோடு வருவேன் என்று சொல்.

உன் அம்மா